குழாய் அண்ணாச்சியின் முதல் நம்பர்

வைஃபை என்பது குழாயில் வருகிற தண்ணீர்தான் என்று முழு மனதாக நம்பும் மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் தாராவியில் இருக்கிறார். அப்படி இல்லை என்று அவரிடம் விளக்கப் போனவர்கள் தாங்களே குழம்பித் திரும்பியிருக்கிறார்கள்.

பெயர் குழாய் அண்ணாச்சி. எங்கள் சந்துக்கு ஒரே பொதுக்குழாய் இருந்த காலத்தில், யார் குடம் முதலில், யார் குடம் அப்புறம் என்று முறை வைத்துக் கொடுத்தவர். பிறகு வீட்டுக்கு வீடு குழாய் வந்தது. அண்ணாச்சியின் அதிகாரம் போனது. பை தைப்பவர்களுக்கு ஜிப்பும் பக்கிளும் விற்கும் தன் கடை வாசலில், ஓய்வுபெற்ற நீதிபதியைப் போல உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் எங்கள் சந்து வீடுகள் சேர்ந்து ஒரு வைஃபை இணைப்பு எடுத்தோம். வேறு வழியில்லை. அந்தச் சந்துக்குள் ஆளே ஒருக்களித்துத்தான் நுழைய வேண்டும். செல்போன் சிக்னல் அந்தச் சிரமம் எடுத்துக்கொள்வதில்லை. ரவுட்டர் பெட்டியை யார் வீட்டில் வைப்பது என்று பேச்சு தொடங்குமுன் அண்ணாச்சி அதைத் தன் வீட்டுப் பரணில் ஏற்றிவிட்டார்.

"டேங்க் எப்பவும் உசரத்துலதாம்ல இருக்கணும்."

அன்று முதல் அவர் ஆட்சி மறுபடி தொடங்கியது. காலையில் ரவுட்டரை அணைத்துப் போடுவார். போட்டதும் யாரும் தொடக்கூடாது. "கொஞ்சம் ஓடட்டும். முதல்ல கலங்கலாத்தான் வரும்" என்பார். யாராவது சினிமா டவுன்லோட் செய்து மற்றவர்களுக்கு வேகம் குறைந்தால், வாசலில் நின்று கத்துவார்: "எவம்ல டிரம் வச்சுப் பிடிக்கது? குடத்துக்குத்தான அனுமதி?" ஆபீஸ் மீட்டிங்கில் என் முகம் உறைந்துபோனபோது, படியேறி வந்து என் சுவரைக் கையால் தட்டிப் பார்த்தார். "இங்கனதான் எங்கயோ அடைப்பு இருக்கு, தம்பி" என்றார். நான் அந்தச் சுவரில் இருந்த காலண்டரை நகர்த்தினேன். மீட்டிங் சரியானது. அதன்பிறகு அவரோடு வாதாடுவதை விட்டுவிட்டேன்.

இணைப்பு கொடுத்தவர் அண்ணாச்சியின் போனில் ஒரு ஆப்பும் போட்டுக் கொடுத்திருந்தார். அதில் ஒரு பொத்தான். எந்தக் கருவியைத் தேர்ந்தெடுக்கிறோமோ அதற்கு நெட் முதலில் போகும், மிச்சம்தான் மற்றவர்களுக்கு. ஒரு நேரத்தில் ஒரு கருவிக்குத்தான். அண்ணாச்சி அதற்கு 'முதல் நம்பர்' என்று பெயர் வைத்தார். முதல் நம்பரை யாருக்குக் கொடுத்தார்? தன் கடையின் கேமராவுக்கு.

அந்தக் கேமரா கடைக்குள்ளிருந்து வாசலைப் பார்க்கும். வாசலில் அண்ணாச்சி உட்கார்ந்திருப்பார். கையில் போனை வைத்து, அந்தக் கேமராவைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதாவது, சந்து முழுவதும் திரைகளில் வட்டம் சுற்றிக்கொண்டு நிற்கும் நேரத்தில், ஒரு மனிதர் தன் சொந்த முதுகைத் துல்லியமாகப் பார்த்துக்கொண்டிருப்பார். கேட்டால், "பொறத்தால எவனாவது வந்தா தெரியணும்லா?"

இந்த முதுகைத்தான் ஜெஸ்ஸி எதிர்க்க வேண்டியிருந்தது.

ஜெஸ்ஸி, எதிர்வீட்டுத் தர்மராஜின் மகள். தர்மராஜ் தோல் பட்டறையில் வேலை செய்பவர். அவள் பக்கத்துச் சயானில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸ். மஸ்கட்டில் ஒரு வேலைக்கு வீடியோவில் இண்டர்வியூ. இதற்கு முன் வந்த ஒரு இண்டர்வியூவில், பதில் சொல்லிக்கொண்டிருந்தபோதே படம் நின்றுவிட்டது. வாயைத் திறந்தபடி உறைந்த ஜெஸ்ஸியைப் பார்த்தவர்கள் மறுபடி கூப்பிடவேயில்லை. இந்த முறையும் போனால் அவ்வளவுதான்.

அவள் கடை வாசலில் வந்து நின்றாள். "அண்ணாச்சி, நாளைக்கு ஒரு நாள் மட்டும்..."

அண்ணாச்சி தன் முதுகைக் கடைசியாக ஒரு முறை பார்த்தார். "நாளைக்கு முதல் நம்பர் உனக்குத்தாம் பிள்ளே" என்று அவள் எதிரிலேயே அவள் போனைத் தேர்ந்தெடுத்து அழுத்தினார். குடத்தை வரிசைக்கு முன்னால் நகர்த்துகிற அதே விரல்.

மறுநாள் மத்தியானம் ஏஜென்சியிலிருந்து செய்தி வந்தது: போன் கூடாது, லேப்டாப்பில்தான் வர வேண்டும். என்னுடையதைக் கொடுத்தேன். என் அறை அமைதியாக இருக்கும் என்று அங்கேயே உட்காரச் சொல்லிவிட்டு நான் வெளியே வராந்தாவில் நின்றேன். போன் மாறி லேப்டாப் வந்ததை அண்ணாச்சியிடம் சொல்ல வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

மாலையில் இண்டர்வியூ தொடங்கியது. பெயர் சொன்னாள், படிப்பு சொன்னாள். மூன்றாவது கேள்வியில் மஸ்கட் நின்றது. "ஹலோ? ஹலோ சார்?" என்ற ஜெஸ்ஸியின் குரல் கதவுக்கு வெளியே கேட்டது.

கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி, நெட் வரல!" என்றேன்.

கீழேயிருந்து அவர் போனைத் தூக்கிக் காட்டினார். "என்ன தம்பி சொல்லுத? அவ நம்பர்லதான் ஓடுது. வெள்ளமாப் போகுது, பாரு!"

வெள்ளம் போகும் இடத்தைத் தேடினோம். தர்மராஜ் தன் வீட்டுக்குள் கட்டிலில் உட்கார்ந்து, மகள் விட்டுப்போன போனில் கிரிக்கெட் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தார். பந்தின் தையல் கூடத் தெரிந்தது.

"ஏல தர்மராஜ்!"

தர்மராஜ் துள்ளி எழுந்தார். "மனசு படபடன்னு அடிச்சுது அண்ணாச்சி, அதான் போட்டேன். இண்டர்வியூக்கு இடைஞ்சலாயிடக் கூடாதுன்னு சத்தத்தைக்கூட வைக்கலயே!"

அண்ணாச்சி தன் போனை என் பக்கம் நீட்டினார். "நீ அதை மாத்து. நான் ஊரைப் பாக்கேன்." பிறகு சந்தின் நடுவில் நின்று, குழாய்க் காலத்துக் குரலை எடுத்தார். "எல்லாரும் குழாயை அடைங்க! ஜெஸ்ஸிப் பிள்ளைக்கு ஏறல!" அதையே இந்தியிலும் ஒரு தரம்: "சப் லோக் நள் பந்த் கரோ!"

சந்துக்காரர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. மாடி வீட்டுக்குத் தண்ணீர் ஏறாவிட்டால் கீழ் வீடுகள் குழாயை அடைப்பது அங்கே பழக்கம். சீரியல்கள் பாதியில் நின்றன. பாட்டு நின்றது. வீடியோ காலில் நடந்துகொண்டிருந்த சண்டை ஒன்று "அப்புறம் பேசுதேன்" என்று நின்றது. அண்ணாச்சி கடைக்குள் போய் தன் கேமராவின் ஒயரைத் தானே பிடுங்கினார். நான் முதல் நம்பரை என் லேப்டாப்புக்கு மாற்றினேன்.

சந்து அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. அந்த அமைதிக்குள் மஸ்கட் திரும்பி வந்தது. ஒரு ஆண் குரல் ஆங்கிலத்தில் கேட்டது: ஒரே நேரத்தில் இரண்டு நோயாளிகள் கூப்பிட்டால் யாரிடம் முதலில் போவாய்?

வராந்தாவுக்கு ஏறி வந்திருந்த அண்ணாச்சிக்கு நான் மெதுவாகத் தமிழில் சொன்னேன். அவர் கண் விரிந்தது. "இது நம்ம கேள்வில்லா?" என்று முணுமுணுத்தார். அவரே உள்ளே போய்ப் பதில் சொல்லிவிடுவாரோ என்று தர்மராஜ் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

ஜெஸ்ஸி நிதானமாகச் சொன்னாள். யாருக்கு ஆபத்து அதிகமோ அவரிடம் முதலில். மற்றவரிடம், வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவேன்.

அதையும் சொன்னேன். "ரெண்டாவது ஆளுகிட்டச் சொல்லணும், அதுதான் முக்கியம்" என்றார் அண்ணாச்சி. "சொல்லாமப் போனா குடம் பறக்கும்."

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. ஜெஸ்ஸி கட்டைவிரலை உயர்த்திவிட்டு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தாள். "அடுத்த மாசம் வரச் சொல்லிட்டாங்க" என்றாள். தர்மராஜ் அப்போதுதான் அண்ணாச்சியின் சட்டையை விட்டார். அண்ணாச்சி கைப்பிடிச் சுவருக்குப் போய்க் கீழே பார்த்து அறிவித்தார்:

"முடிஞ்சிட்டு! எல்லாரும் தொறங்க! முதல்ல கொஞ்சம் கலங்கலா வரும்!"

சந்து கைதட்டியது.

ஜெஸ்ஸி இப்போது மஸ்கட்டில். நான் செம்பூருக்கு வீடு மாறிவிட்டேன். எப்போதாவது தாராவி போனால் அண்ணாச்சியின் கடை வாசலில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறப்பேன். பாஸ்வேர்ட் ஒன்றும் கேட்காமல் வைஃபையில் சேர்ந்துகொள்ளும். கண்ணிமைக்கும் நேரத்தில் எல்லாம் வந்து நிற்கும். பக்கத்தில் அண்ணாச்சியின் போனில் அவர் முதுகு விட்டுவிட்டு அசையும்.

"என் லேப்டாப்புலேருந்து முதல் நம்பரை இன்னும் மாத்தலையா அண்ணாச்சி?"

"இருக்கட்டும், தம்பி. முதுகுதான? மெல்ல வந்தாப் போதும். நீ என்னைக்காவதுதான வார."

இந்த மும்பையில் நான் வரிசையின் முதலில் நிற்கிற இடம் அது ஒன்றுதான்.