'இன்றே செய்' பலகைக்கு ஆறு ஸ்குரூ

வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள். கையில் ஏதாவது வேலை இருந்தால் அப்படியே கீழே வையுங்கள். அது எங்கே ஓடிவிடப் போகிறது! மனிதகுலம் தோன்றிய நாள் முதல் அதன் தோளில் ஏறி உட்கார்ந்திருந்த ஒரு நோயை வேரோடு பிடுங்கி எறிந்த மாவீரர்களின் சரித்திரத்தைச் சொல்லப் போகிறேன். அந்த நோயின் பெயர் 'அப்புறம் பார்த்துக்கலாம்'. அதை ஒழித்த பெருமை எங்கள் நாலு மாடிக் குடியிருப்புக்கே உரியது. நான் முதல் மாடி. எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தவள்.

பதினாறு வீடு. லிஃப்ட் கிடையாது. லிஃப்ட் வரப்போகிறது என்று விட்ட இடத்தில் பதினோரு வருஷமாக ஓட்டை சைக்கிள்கள் வசிக்கின்றன. எங்கள் செயலாளர் ஓய்வு பெற்ற அதிகாரி. எதைக் கேட்டாலும் "நாளைக்கே" என்பார். அதனால் 'நாளையார்' என்று அழைப்போம். மரியாதையாகத்தான்.

மூன்றாம் மாடியிலிருந்து இறங்கும்போது படி திரும்புகிற இடத்தில் கைப்பிடிக் கம்பி ஆடிக்கொண்டிருந்தது. அடித்தகட்டில் ஒரு ஸ்குரூ தளர்ந்துவிட்டது. விழவில்லை, தொலையவில்லை. 'யாராவது திருகுங்களேன்' என்பது போல் அரை விரல் தலையை நீட்டிக்கொண்டு நின்றது. நம்பிச் சாய்ந்தால் கம்பியும் நாமும் சேர்ந்தே இரண்டாம் மாடிக்குப் போய்விடலாம், படி இல்லாமலே.

மூன்றாம் மாடியில் ஒரு தையல்காரி. வயிற்றில் ஐந்து மாதம். படிக்கட்டிலேயே நாளையாரை மறித்தாள்.

"சார், அந்தக் கம்பி ஆடுது. மாசம் ஏற ஏற, பிடிக்காம இறங்க முடியாது. ஒரே ஒரு ஸ்குரூதான் சார்."

"நல்லவேளை சொன்னியேம்மா. நாளைக்கே பார்த்துடலாம்."

"போன மாசமும் இதையேதான் சொன்னீங்க."

"பார்த்தியா? நான் பேச்சு மாறவே மாட்டேன்."

"உங்களுக்குத் தள்ளிப்போடற வியாதி சார். மருந்து சாப்பிடுங்க."

சின்ன மனிதராக இருந்தால் கோபப்பட்டிருப்பார். நாளையார் பெரிய மனிதர். வீட்டுக்குப் போனார், கண்ணாடி முன் நின்றார், 'ஆமாம், எனக்கு வியாதி' என்று ஒப்புக்கொண்டார். தனக்கு மட்டும் என்றால் அவருக்கு மனசு ஒப்புமா? எல்லோருக்கும் என்று தீர்மானம் போட்டார். 'தள்ளிப்போடாமை இயக்கம்' அன்று பிறந்தது.

மறுநாள் காலை தையல்காரி ஒரு பழைய கத்தியோடு படியில் உட்கார்ந்து அந்த ஸ்குரூவோடு மல்லுக்கு நின்றாள். நாளையார் பதறி ஓடி வந்தார்.

"ஐயையோ, கையை எடும்மா! நீ இப்ப திருகிட்டா நாங்க எதை வெச்சுத் திருந்துறது?"

எவ்வளவு ஆழமான கேள்வி! அன்றைக்கே அந்தக் கம்பி இயக்கத்தின் 'பயிற்சிப் பொருள்' என்று அறிவிக்கப்பட்டது. சிவப்பு நாடா கட்டி ஓர் அட்டையும் தொங்கவிட்டார்கள்: 'கை வைக்காதீர்.' கைப்பிடிக் கம்பியில் அந்த வாசகத்தை எழுதிய துணிச்சல், எனக்குத் தெரிந்து வேறு எந்த ஊரிலும் இல்லை.

கத்தி வளைந்துபோனதால் அவள் என் கதவைத் தட்டினாள்.

"அம்மா, உங்ககிட்ட பெரிய திருப்புளி இருக்கா? என் மெஷினோட வந்தது குட்டி. அதுக்கு இந்த ஸ்குரூ அசையல."

"இருக்கு கண்ணு. எங்கேயோ வெச்சேன். நாளைக்குத் தேடித் தர்றேன்."

சரி, கதைக்கு வருவோம்.

இயக்கத்துக்கு ஒரு 'வாழ்வியல் பயிற்சியாளர்' வரவழைக்கப்பட்டார். கழுத்தில் டை, காதோரம் ஒரு குட்டி மைக். வண்டிகள் நிறுத்தும் இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம்.

"முதல்ல புரிஞ்சுக்கணும். அப்புறம்தான் ஜெயிக்கணும்," என்றார். "நாம ஏன் தள்ளிப்போடறோம்? சோம்பேறித்தனமா? இல்லவே இல்லை. பயம்! தப்பாப் போயிடுமோங்கற பயம். அந்தப் பயம் எங்கே பிறந்துச்சு? சொல்லுங்க, மனசைத் திறந்து சொல்லுங்க."

திறந்தார்கள். ஆறு வாரம் திறந்தார்கள். இரண்டாம் மாடிப் பல் வைத்தியர் தன் சொந்தக் கடைவாய்ப் பல்லை நாலு வருஷமாகப் பிடுங்காமல் வைத்திருப்பதைச் சொல்லித் தேம்பித் தேம்பி அழுதார். நாளையார் ஐந்து வயதில் ஒரு பென்சிலைச் சீவும்போது முனை உடைந்துபோனதையும், அன்றிலிருந்து எதையும் திருகவோ சுழற்றவோ கை நடுங்குவதையும் வெளியிட்டார். எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினோம். தையல்காரி மட்டும் உட்கார்ந்திருந்தாள். எழுந்து எழுந்து உட்காருகிற மாதமா அது?

"நீங்களும் சொல்லுங்கம்மா," என்றார் பயிற்சியாளர். "உங்க பயம் என்ன?"

"படியில விழுந்துடுவேனோன்னுதான் சார்."

"அது மேலோட்டமான பயம். இன்னும் ஆழமாத் தேடுங்க."

புரிந்துகொண்டு முடித்ததும் ஜெயிக்கத் தொடங்கினோம். முதல் மருந்து: 'மலைப்பா இருக்கிற வேலையைச் சின்னச் சின்னதா உடை.' ஒரு ஸ்குரூவைத் திருகுவது மலைப்பான வேலைதானே? அதைப் பதினேழு துண்டாக உடைத்தார்கள். அளவு பார்க்கும் குழு, திருப்புளி தேடும் குழு, திருப்புளி பிடிக்கும் குழு, திருகும் குழு, திருகியதைத் திருப்தியோடு பார்வையிடும் குழு. ஒவ்வொரு துண்டு முடிந்ததும் 'தனக்குத்தானே பரிசு' கொடுத்துக்கொள்ள வேண்டுமாம். ஆகவே குழு அமைத்ததற்கே ஒரு தேநீர் விருந்து நடந்தது.

தையல்காரியின் வீட்டுக்காரன் வாடகை வண்டி ஓட்டுபவன், நல்ல பிள்ளை. அவனைத் 'திருப்புளித் தேடல் குழு'வுக்குத் தலைவராகப் போட்டார்கள். சட்டையில் குத்திக்கொள்ள ஒரு வில்லையும் கொடுத்தார்கள். அன்று மாலை இருவரும் படியில் நின்றே சண்டை போட்டதால் எனக்கு ஒரு வார்த்தை தப்பவில்லை.

"ஏங்க, வண்டியில இருக்கிற திருப்புளியை எடுத்துட்டு வந்து நீங்களே திருகிட்டாத்தான் என்ன?"

"நான் தேடற குழுடி. திருகற குழு வேற. அவங்க வேலையில நான் மூக்கை நுழைச்சா என்ன நினைப்பாங்க?"

"சரி, தேடியாச்சா?"

"என்ன அளவுன்னு அளவுக் குழு இன்னும் சொல்லலையே! தெரியாம எதைத் தேடறது?"

"பொண்டாட்டி ஏழு மாசம். அந்த அளவு தெரியுதா?"

அவன் வில்லையைத் தடவிக்கொண்டு மேலே போய்விட்டான்.

இரண்டாவது மருந்து இன்னும் அருமை: 'இரண்டு நிமிஷத்துக்குள் முடிகிற வேலை என்றால் உடனே செய்துவிடு.' ஆனால் இது இரண்டு நிமிஷத்துக்குள் முடியுமா? செய்து பார்க்காமல் தெரியாது. செய்யவோ அனுமதி இல்லை. நாலாம் மாடி இன்ஜினியர் சிக்கலை அவிழ்த்தார். கீழே தபால் பெட்டிக் கதவில் அதே மாதிரி ஒரு ஸ்குரூ, நன்றாக இறுகியே இருந்தது. அதைக் கழற்றி, மறுபடி திருகி, ஸ்டாப் வாட்ச்சில் நேரம் பார்த்தார். ஒரு தடவை போதாது என்று பதினோரு தடவை. சராசரி ஒரு நிமிஷம் ஐம்பது செகண்டு. எட்டுப் பக்க அறிக்கை தயாரானது.

"ஆகவே, கம்பியை 'உடனே' சரிசெய்வதென்று ஒருமனதாகத் தீர்மானிக்கப்படுகிறது!" என்று நாளையார் வாசித்தார். கை தட்டல் அடங்கவே நேரமாயிற்று.

"உடனேன்னா எப்ப சார்?" என்றாள் தையல்காரி.

"அதை அடுத்த கூட்டத்துல முடிவு பண்ணிடலாம்மா."

பதினோரு தடவை கழற்றி மாட்டியதில் தபால் பெட்டிக் கதவு அதற்குப் பிறகு மூடவில்லை. ஆராய்ச்சி என்றால் சில தியாகங்கள் வேண்டாமா?

மூன்றாவது மருந்து: 'உன் குறிக்கோளை ஊரறியச் சொல்.' இதில்தான் நாளையாரின் முழு வீரமும் வெளிப்பட்டது. காலையில் பலகைக்கு எழுதக் கொடுத்தார், மத்தியானம் வாங்கி வந்தார், சாயங்காலம் தானே முக்காலியில் ஏறி, ஆடும் கம்பிக்கு நேர் மேலே சுவரில் துளை போட்டு மாட்டினார். 'இன்றே செய்' என்று ஒவ்வொரு எழுத்தும் முழ உயரம். ஆறு ஸ்குரூ. ஆறையும் பல்லைக் கடித்துக்கொண்டு அவரே இறுக்கினார். பென்சில் முனை ஞாபகம் வந்ததாகத் தெரியவில்லை. நடுவில் முக்காலி ஆட, கம்பியைப் பிடித்தார். கம்பி அதைவிட ஆடிற்று.

"யாருய்யா இந்தக் கம்பியை இப்படி விட்டு வெச்சிருக்கிறது? விழுந்து தொலைச்சா?" என்று கத்தினார்.

தையல்காரி மேல் படியில் நின்றுகொண்டிருந்தாள். இப்போது எட்டு மாதம் தாண்டிவிட்டது.

"சார், திருப்புளிதான் கையிலேயே இருக்கே. குனிஞ்சா கம்பி."

"இது பலகைக் குழுவோட திருப்புளிம்மா. இரவல் கேட்டு உன் வீட்டுக்காரரை ஒரு மனு போடச் சொல்லு."

டாக்டர் அவளிடம் தேதி சொல்லியிருந்தார். அதற்குப் பன்னிரண்டு நாள் முன்னதாகவே 'வெற்றி விழா' வைத்தார் நாளையார். பன்னிரண்டு நாள் முன்னதாக! தள்ளிப்போடும் பழக்கம் எங்களை விட்டு ஓடியே போய்விட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? படியிலேயே விழா. பதினாறு வீடும் ஏணி மாதிரி வரிசையாக நின்றது. சொற்பொழிவுகள் முடிந்ததும் நாளையார் நாடாவை வெட்டி ஸ்குரூவைத் திருகுவதாக ஏற்பாடு. இன்னும் மூன்று பேர் பேச வேண்டியிருந்தது.

அப்போது மேலே கதவு திறந்தது. தையல்காரி ஒரு கையால் இடுப்பைத் தாங்கிக்கொண்டு வந்தாள். பின்னால் வீட்டுக்காரன், ஆஸ்பத்திரிப் பையோடு, முகம் வெளுத்து.

"வழி விடுங்க."

"வாம்மா வா! சரியான நேரத்துக்கு வந்தே. இன்னும் மூணு பேர்தான்."

"மூணு பேர் பேசற வரைக்கும் இது பொறுக்காது சார்."

"கடைசிக் கட்டத்துக்கு வந்துட்டோம்மா, கொஞ்சம்..."

"நானும் கடைசிக் கட்டத்துலதான் சார் இருக்கேன்!"

சொல்லும்போதே வலி வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு கம்பியைப் பற்றினாள். கம்பி அவளோடு வெளிப்பக்கம் சாய்ந்தது. படி முழுக்க ஒரே மூச்சாக "ஆ" என்றது. வீட்டுக்காரன் பையைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் அவளைப் பின்னுக்கு இழுத்தான். அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பலகை மட்டும் மேலே 'இன்றே செய்' என்று சொல்லிக்கொண்டிருந்தது.

வலி விட்டது. அவள் நெற்றியைத் துடைத்தாள். நீட்டிக்கொண்டிருந்த ஸ்குரூவைப் பார்த்தாள்.

"ஏங்க, பையில கத்திரி இருக்கு. எடுங்க."

"கத்திரியா? இப்பவா?"

"இப்பதான்."

அவளுடைய துணி வெட்டும் கத்திரி, கண்ணுகளா. குழந்தைச் சட்டைக்குக் கை வெட்டுவது பாக்கி என்று பையில் வைத்திருந்தாள். அதைக் கொண்டு ஒரு துண்டுக் காகிதம் வெட்டக்கூட யாருக்கும் தரமாட்டாள்; முனை மழுங்கினால் பிழைப்பே மழுங்கிவிடும் என்பாள். அந்தக் கத்திரியின் முனையை ஸ்குரூவின் பிளவில் வைத்து, பல்லைக் கடித்து, திருகினாள்.

"அம்மா, விழா... நாடா இன்னும்..." என்று நாளையார் இழுத்தார்.

அவள் திருகினாள். இன்ஜினியர் பழக்க தோஷத்தில் ஸ்டாப் வாட்ச்சை அமுக்கிவிட்டார். கடைசித் திருகில் கத்திரி முனை 'டிக்' என்று ஒடிந்து படியில் விழுந்தது. கம்பி அசையாமல் நின்றது.

"ஒரு நிமிஷம் அஞ்சு செகண்டு!" என்று கூவினார் இன்ஜினியர். "தபால் பெட்டியைவிட வேகம்!"

ஆண்டவனே, எல்லோரும் கை தட்டினார்கள்.

அவள் அந்தக் கம்பியைப் பிடித்து எழுந்தாள். அடுத்த வலி வருவதற்குள் இறங்க வேண்டும். என்னைத் தாண்டும்போது ஒரு பார்வை பார்த்தாள். "பார்த்துப் போ கண்ணு" என்றேன். வேறு என்ன சொல்வது?

ஒரு மணி நேரத்தில் பெண் குழந்தை. பன்னிரண்டு நாள் முன்னதாகவே. அந்த வயிற்றில் பிறந்ததற்கு எதையும் தள்ளிப்போடத் தெரியாது.

இயக்கத்தின் வெற்றி பதிவேட்டில் ஏறியது. கம்பிக்குப் பக்கத்தில் 'இது குடியிருப்போரின் கூட்டு முயற்சியால் உரிய காலத்திற்கு முன்பே சரிசெய்யப்பட்டது' என்று ஒரு தகடும் ஏறியது. அதற்கு நாலு ஸ்குரூ. குழந்தையோடு வீட்டுக்கு வந்த தையல்காரிக்கு ஒரு கடிதம் காத்திருந்தது: விழா முடியும் முன் பயிற்சிப் பொருளின் மேல் அனுமதியின்றிக் கை வைத்தது ஏன்? ஏழு நாளுக்குள் விளக்கம் தரவும்.

அவள் அந்தக் கடிதத்தின் பின்பக்கத்திலேயே ஒரு வரி எழுதி அனுப்பினாள்: 'நாளைக்குச் சொல்றேன் சார்.'

குடியிருப்பே சிரித்தது. நாளையாரும்கூடச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஐந்தாம் மாதம் அவள் என்னிடம் திருப்புளி கேட்டாளே, நினைவிருக்கிறதா? அது எங்கே இருக்கிறது என்று எனக்கு அப்போதே தெரியும். மேஜையின் இரண்டாவது இழுப்பறை, ஊசி நூல் டப்பாவுக்குப் பக்கத்தில். தேடவே வேண்டாம். ஆனால் பயிற்சியாளரும் பதினேழு குழுவும் வர வர, இது எவ்வளவு நல்ல கதையாக வருகிறது என்று எனக்கு நாக்கில் ஊறிவிட்டது. கம்பி நின்றுவிட்டால் கதையும் நின்றுவிடுமே! அவள் கம்பியோடு சாய்ந்தாளே, அந்தக் கணம் வரைக்கும் நானும் கை தட்டிக்கொண்டுதான் இருந்தேன். நாளையாருக்காவது பென்சில் முனை ஒரு சாக்கு. எனக்கு நீங்கள்தான் சாக்கு.

அவள் அந்த ஒரு வரிப் பதிலை அனுப்பிய மறுநாள், அவளுக்கு ஒரு புதுக் கத்திரி வாங்கிக்கொண்டு போனேன். வாங்கி வைத்துக்கொண்டாள். குழந்தையை மட்டும் என் மடியில் போடவில்லை. "நாளைக்குத் தர்றேன்மா" என்றாள்.

சரி, எழுந்திருங்கள். கதை கேட்கிற ஆசையில் ஏதோ ஒரு வேலையைக் கீழே வைத்துவிட்டு வந்தீர்கள், நானும் வையுங்கள் என்றேன். அந்த வேலைக்காக உங்கள் வீட்டுப் படியில் யாரோ ஒருத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஓடுங்கள். உங்கள் வீட்டுக் கம்பிகள் ஆடாமல் நிற்கட்டும். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் சுகமாகப் போய்ச் சேரட்டும். கேட்டபோதே எடுத்துக் கொடுக்கிற கை உங்கள் குடும்பத்தில் ஒன்றாவது இருக்கட்டும். என் வீட்டில் அது இல்லாமல் போயிற்று.