பச்சை பூசிய நான்கு ஸ்பிரிங்குகள்

ஒரு தொழிலில் கைதேர்ந்தவன், தனக்குத் தெரியாத தொழிலைத் தொடும்போது சற்றுக் கூடுதலான துணிச்சலோடு தொடுகிறான். இவ்வுண்மையை நான் நூல்களில் கற்கவில்லை. எழுபதுகளின் பிற்பகுதியில், போடிமெட்டு மலைப்பாதையின் ஏழாவது வளைவில், என் தாய்மாமனை உண்ணிச்செடிப் புதரிலிருந்து கைகொடுத்து எழுப்பிய வேளையில் கற்றேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. போடியில் ஓர் ஏலக்காய் மண்டியில் தரம் பிரிக்கும் வேலை. காயை உள்ளங்கையில் உருட்டி, நிறத்தைப் பார்த்து, சல்லடைக்குப் போகுமுன்னரே இன்ன தரம் என்று சொல்லிவிடுவேன். முதலாளி ஒருநாளும் மறுத்ததில்லை. (அவருக்குக் கண்ணில் புரை விழுந்திருந்தது பின்னாளில்தான் தெரியவந்தது.)

ராசிங்காபுரத்தில் வீடு கொண்டிருந்த என் தாய்மாமன், மலைமேல் ஓர் ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசராக இருந்தார். கனத்த சரீரம், குறைந்த பேச்சு. அத்தோட்டத்தை விட்டுச் சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர் தம் மோட்டார் சைக்கிளை மாமாவிடம் விட்டுச் சென்றிருந்தார். அது பல ஆண்டுகள் மாட்டுக் கொட்டகையில் சாக்குப் போர்த்தி நின்றது. எஞ்சினைப் போடி மெக்கானிக் ஒருவர் உயிர்ப்பித்துவிட்டார். மிச்சமிருந்தது பின்பகுதி. பின்சக்கரத்தின் இருபுறமும் நின்று மேடுபள்ளத்தைத் தாங்கவேண்டிய சாக்கப்சர் இரண்டில் ஒன்று எண்ணெய் கக்கியது. மற்றொன்று அமுங்கினால் எழ மறுத்தது.

மாமாவுக்கு ஒரே மகள், காமாட்சி. முறைப்படி எனக்கு உரியவள். ஆயினும் உத்தமபாளையத்து வாத்தியார் ஒருவரின் வீட்டாரும் பெண் கேட்டுப் போயிருந்தார்கள். மாமா யாருக்கும் பிடிகொடுக்கவில்லை. ஒருநாள் கொட்டகையில் வண்டியைப் பார்த்தபடியே சொன்னார்:

"மாப்ளே, ஒனக்குக் கைவேல தெரியும்னு எங்க அக்கா சொல்லுது. வர்ற திங்கக்கெழம இந்த வண்டி என்னையத் தோட்டத்துல கொண்டுபோயி எறக்குச்சுன்னா, தையில பரிசம் போட்ருவோம்."

"எறக்கலேன்னா மாமா?"

"வாத்தியாரு பஸ்சுல போறவரு. பஸ்சு எப்பிடியும் எறக்கிவிட்ரும்."

தோட்டத்துச் சரக்குக் கிட்டங்கியில் அதே கம்பெனி வண்டி மற்றொன்று, பக்கவாட்டில் ஆள் உட்காரும் தொட்டியோடு, துருப்பிடித்துக் கிடந்தது. அதன் சாக்கப்சர் இரண்டையும் கழற்றி வரச் செய்தேன். அவற்றின் குழல்கள் பழுதின்றி இருந்தன; ஸ்பிரிங்கை மட்டும் நான்கிலும் நல்லதாகப் பார்த்து மாட்டலாம் என்று எண்ணினேன். நான்கையும் பார்த்த மெக்கானிக் எச்சரித்தார்:

"அண்ணே, நாலும் ஒரே நீளம், ஒரே சுத்தளவுதான். ஆனா அது தொட்டி வச்ச வண்டி. பாரம் தாங்கணும்னு ஸ்பிரிங்கு கம்பியக் கொஞ்சம் கனமாப் போட்ருப்பான். கலந்துறாதீங்க. அளந்து பாத்து மாட்டுங்க."

"காயக் கையில வாங்குனா எந்தச் சரிவுல வெளஞ்சதுன்னு சொல்ற ஆளு நானு. இரும்புல தெரியாதாக்கும்?"

"தெரியும்ணே" என்றார் அவர். என்னைச் சற்றும் நம்பாத ஒரு மனிதர் அதைவிட மரியாதையாகப் பேசியிருக்க இயலாது.

சனிக்கிழமை காலை நான்கு ஸ்பிரிங்குகளையும் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, சாக்கில் பரப்பினேன். காபி கொண்டுவந்த காமாட்சி குனிந்து பார்த்தாள்.

"மச்சான், இந்த ரெண்டுல மஞ்சக் கோடு இருக்கு. அந்த ரெண்டுல செவப்பு. எதுக்கு வச்சிருப்பான்?"

"பெயின்ட் சிந்தியிருக்கும்."

"நாலுலயும் ஒரே எடத்துலயா சிந்தும்?"

"காமாட்சி, இது ஆம்பளைங்க சோலி."

அவள் டம்ளரை வைத்துவிட்டுப் போனாள். (அன்று சாயங்காலக் காபி வரவில்லை. அதையும் நான் ஓர் அறிகுறியாகக் கொள்ளவில்லை.)

அடுத்து நான் செய்த காரியம் ஏலக்காய்க்காரன் ஒருவனுக்கு மட்டுமே தோன்றக்கூடியது. அந்நாளில் நிறம் மங்கிய காயைப் பச்சைச் சாயத்தில் நனைத்து உலர்த்தும் பழக்கம் எங்கள் வட்டாரத்தில் உண்டு. பச்சை ஏறிய சரக்கை எவரும் ஒதுக்குவதில்லை. மாமா வீட்டுக் கதவுக்குப் பூசியதுபோக மிஞ்சிய பச்சைப் பெயின்ட் ஒரு டப்பா இருந்தது. கோடும் துருவும் மறையும்படி நான்கு ஸ்பிரிங்குகளுக்கும் இரண்டு பூச்சுப் பூசி, துணி காயும் கொடியில் தொங்கவிட்டேன். நான்கும் ஒருதாய் வயிற்றுப் பிள்ளைகள்போல ஒளிர்ந்தன. அவற்றை வகை பிரிக்கவேண்டும் என்ற நினைவு அதன் பிறகே வந்தது.

நான் கலங்கவில்லை. ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வைத்து, கண்ணை மூடி, எடை பார்த்தேன். 'இவ்விரண்டும் ஒரே தரம்' என்று தீர்ப்பளித்து மாட்டினேன். ஞாயிறன்று தனியாகப் பக்கத்து ஊரான சிலமலை வரை ஓட்டிப் பார்த்ததில் குறையேதும் தென்படவில்லை. (அன்றைய என் ஒல்லி உடம்பைச் சுமந்தது எந்த ஸ்பிரிங்குக்கும் தெரிந்திராது.)

திங்கட்கிழமை காலை மாமா வெள்ளை வேட்டி, தோல்பை, குடை சகிதமாகப் பின்னால் ஏறி அமர்ந்தார். ஏறியதும் வண்டி வலப்புறமாக ஒருக்களித்தது.

"மாப்ளே, ஒரு பக்கமாச் சாயுதே."

"மலைக்குன்னே செஞ்ச வண்டி மாமா. வளைவுக்குத் தோதாச் சாஞ்சு குடுக்கும்."

"வளைவு இன்னும் வரலையே."

"முன்கூட்டியே தயாராகுது மாமா."

மலையடிவாரத்து முந்தலைக் கடந்து ஏற்றம் தொடங்கியதும் வண்டியின் வால் தனிப் போக்கில் ஆடத் தொடங்கியது. எங்களுக்குப் பின்னால், காய் பறிக்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு ஒரு ஜீப்பு வந்தது. முந்திச் செல்ல இடமிருந்தும் அது முந்தவில்லை.

"ஏ, அங்க பாருங்கடி! முன் சக்கரம் மேட்டுக்குப் போகுது, பின் சக்கரம் போடிக்குத் திரும்புது!"

"சூப்பரைசர் அய்யா, எறங்கி நடந்தா வெரசாப் போயிருவீங்க!"

மாமா குடையை இறுகப் பற்றிக்கொண்டார். அவரது கவனத்தைத் திருப்ப, சாக்கப்சர் என்பது எவ்வாறு இயங்குகிறது என்று நான் விளக்கலானேன். ஏழாவது வளைவில் ஒரு பள்ளம் இருந்தது. இளகிய ஸ்பிரிங் அடிவரை அமுங்கிற்று. கனத்த ஸ்பிரிங் அமுங்க மறுத்து உதைத்தது. மாமா விழுந்தார் என்று எழுதுவது பொருந்தாது. அவர் அனுப்பிவைக்கப்பட்டார்.

நான் அதை அறியவில்லை. பாரம் குறைந்த வண்டி திடீரெனச் சீராக ஓடவே, என் விளக்கத்தில் எனக்கே பெருமிதம் உண்டாயிற்று.

"இப்ப எப்பிடி மாமா, சொகுசா இருக்கா?"

பதில் இல்லை. ஆமோதிக்கிறார் என்று கொண்டேன்.

"யப்பா! ஆள விட்டுட்டுப் போறியே!" என்று ஜீப்பே கூவியது.

திரும்பி ஓடினேன். மாமாவுக்குக் காயமில்லை. புதரிலிருந்து எழுந்தவர் தலையில் ஒட்டிய பூக்களைத் தட்டிவிட்டார். குடையின் வளைவை நிமிர்த்தப் பார்த்தார். பிறகு என்னை நோக்கினார்.

"தம்பி, நீ வீட்டுக்குப் போ."

இருபத்தாறு ஆண்டுகளாக என்னை 'மாப்ளே' என்று மட்டுமே அழைத்தவர் அவர். ஜீப்பில் பெண்கள் நகர்ந்து இடம் கொடுக்க, ஏறிப் போய்விட்டார். உத்தமபாளையத்து வாத்தியார் என் மனக்கண்முன் பஸ்சில் அமர்ந்து, இருபுறமும் சாயாமல் சென்றார்.

வண்டியை ராசிங்காபுரம் கொண்டுபோய்ச் சேர்த்தபோது உச்சிவேளை. காமாட்சி கேட்டாள், நடந்ததைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அடுக்களையிலிருந்து ஒரு கத்தியை எடுத்துவந்தாள். (ஒரு கணம் நான் வேறுவிதமாக நினைத்துவிட்டேன்.) வண்டியருகே குத்தவைத்து, பச்சைப் பூச்சைச் சுரண்டினாள்.

"வலது பக்கம் மஞ்ச. எடது பக்கம் செவப்பு."

கொட்டகை மூலையில் கிடந்த மற்ற இரண்டையும் சுரண்டினாள். ஒன்று மஞ்சள், ஒன்று சிவப்பு.

"தொட்டி வண்டியில இருந்தது எது மச்சான்?"

"தெரியலையே."

"எனக்குத் தெரியும். அந்தச் சாக்கப்சர்ல இருந்து நீங்க ஸ்பிரிங்கக் கழட்டையில பாத்தேன். செவப்பு. ரெண்டு செவப்பையும் மாட்டுங்க. அப்பா கனத்துக்கு அதான் சரி."

ஸ்பேனரை அவள் பிடித்தாள். நான் துடைக்கும் துணியைப் பிடித்தேன்.

மாமா சனிக்கிழமை பஸ்சில் வந்தார். திங்கட்கிழமையும் பஸ்சுக்கே கிளம்பினார். காமாட்சி வாசலை மறித்து நின்றாள். "இந்தத் தடவ நான் மாட்டுனதுப்பா. ஏறுங்க" என்றாள். மகள் சொல்லைத் தட்டமாட்டாமல் என் பின்னால் ஏறினார். வண்டி நிமிர்ந்து நின்றது. ஏழாவது வளைவின் பள்ளம் தெரியாமலே கடந்தது; பன்னிரண்டாம் வளைவும் வந்தது. அதன்பின் முதுகுப் பக்கமிருந்து குரல் வந்தது:

"கொஞ்சம் வெரசாத்தான் போயேன், மாப்ளே."

தையில் பரிசம் போட்டார்கள்.

சென்ற ஆவணியில் எங்கள் பேத்தியைப் பார்க்க ஒரு பையன் வந்தான். நல்ல வேலை, இஸ்திரி கலையாத சட்டை, எதைக் கேட்டாலும் புன்னகை. அவர்கள் போனதும் என் மகன் தாயிடம் கேட்டான்: "என்னம்மா, பையன் எப்பிடி?"

"மேல நல்லாப் பளபளன்னு பச்சையாத்தான் இருக்கான்" என்றாள் காமாட்சி. "சுரண்டிப் பாத்துட்டுச் சொல்றேன்."

வீடே என் பக்கம் திரும்பியது. நான் காபி அருந்திக்கொண்டிருந்தேன். தொடர்ந்து அருந்தினேன்.