லவோனுக்கு ஒரு ஹீட்டர்

ரப்பர் குழாயைத்தான் இழுத்தேன். அது மாட்டியிருந்த செம்பு மூக்கும் பிய்ந்துகொண்டு கூடவே வந்தது.

பச்சைத் தண்ணீர் பீச்சி அடித்தது. பாதி என் முகத்தில். மீதி, முன்சீட்டில் மடித்து வைத்திருந்த என் மனைவி லவோனின் கம்பளிப் போர்வையில்.

அந்தக் கார் எங்கள் கல்யாண வருஷத்து மாடல். பிப்ரவரி வந்தால் நானும் லவோனும் அதில் ஏறி, எங்கள் ஊர் டுலூத்திலிருந்து ஏரிக்கரையோரமாகப் போய், புகைபோட்ட மீன் வாங்கி வருவோம். ஹீட்டர் குளிர்காற்றை மட்டுமே ஊதும். நீள சீட்டில் ஒட்டி உட்கார்ந்து, ஒரே போர்வைக்குள் இருவரும் போவோம்.

டிசம்பரில் லவோனுக்கு நிமோனியா வந்தது. மகள் கிரேட்டா போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"அப்பா, அந்த ஐஸ் பெட்டியில அம்மாவ ஏத்தக்கூடாது. ஹீட்டர் வேலை செஞ்சா போங்க. இல்லன்னா இந்த வருஷம் மீனும் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

அதனால்தான் டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டேன். இன்ஜினின் சுடுநீர் வந்து போகும் குட்டி ரேடியேட்டர் அங்கே இருக்கிறது. ஹீட்டர் கோர் என்பார்கள். அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கப் போய் அதன் மூக்கை உடைத்தேன்.

புதுக் கோர் போடவேண்டும் என்றால் டாஷ்போர்டு முழுதும் வெளியே வரவேண்டும். வந்தது. சாப்பாட்டு மேசைமேல் அதை வைத்தேன். லவோன் பார்த்தாள்.

"ஓ. பெரிய வேலையா இருக்கும் போலிருக்கே," என்றாள். அப்புறம் ஒரு தட்டில் கேக் துண்டுகளை வைத்து எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

சற்று நேரத்தில் பக்கத்து வீட்டு ஐனோ வந்தார். ஓய்வுபெற்ற மெக்கானிக். உதட்டோரம் கேக் துகள்.

"நான் செய்யறது சரியா ஐனோ?"

"அப்படியும் செய்யலாம்," என்றார்.

எங்கள் ஊரில் யாரும் முகத்துக்கு நேரே தப்பு என்று சொல்வதில்லை. வீடு பற்றி எரிந்தால்கூட, 'இன்னிக்கு வெளிச்சம் கொஞ்சம் தூக்கலா இருக்கே' என்பார்கள். நானும் இந்த ஊர்க்காரன்தான். புரிந்திருக்க வேண்டும்.

போர்வையைச் சுத்தம் செய்யலாமென்று வாஷிங் மெஷினில் கொதிக்கும் சூட்டில் போட்டேன். சுருங்கி வெளியே வந்த அதை ஒரு பூனைக்குப் போர்த்தலாம், அதுவும் மெலிந்த பூனையாக இருந்தால்.

புதுக் கோரைப் பொருத்தி, டாஷ்போர்டை மாட்டி, மிஞ்சிய திருகாணிகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இன்ஜினைக் கிளப்பினேன். பழைய குளிர்காற்றே வந்தது.

பானெட்டைத் திறந்து, ஹீட்டருக்குச் சுடுநீர் போகும் குழாயைத் தடவிக்கொண்டே போனால், நடுவில் ஒரு சின்ன வால்வு. இறுக மூடியிருந்தது.

"துருப்பிடிச்சு இறுகிக்கிச்சு போல," என்று குறடு எடுத்தேன்.

ஐனோ கார் ஷெட்டின் கூரையைப் பார்த்தார். "அது பாட்டுக்கு அப்படியே இருந்தாலும் ஒண்ணும் குறைஞ்சிடாது."

எங்கள் ஊரில் இது கிட்டத்தட்ட அலறல். நான் முறுக்கினேன். வால்வு முழுதாகத் திறந்தது, பிடி என் கையோடு வந்துவிட்டது. இனி மூட முடியாது.

சனிக்கிழமை கிளம்பினோம். வெளியே மூக்கு உறையும் குளிர். உள்ளே ரொட்டி சுடும் அடுப்பு. ஊர் எல்லைக்குள்ளேயே லவோன் தொப்பியைக் கழற்றினாள். அப்புறம் மஃப்ளர், அப்புறம் கோட்டு. அப்புறம் சீட்டில் நகர்ந்து நகர்ந்து எதிர்ப்பக்கக் கதவோடு ஒட்டிக்கொண்டு, கண்ணாடியை இறக்கி முகத்தை வெளியே நீட்டினாள். எனக்கும் அவளுக்கும் நடுவே இன்னும் இரண்டு பேர் உட்காரலாம். திரும்பும்போது பின்சீட்டில் மீன் இரண்டாம் முறையாக வெந்துகொண்டிருந்தது.

"எப்படி இருக்கு?" என்றேன் பெருமையாக.

"வித்தியாசமா இருக்கு," என்றாள்.

சர்ச் விருந்தில் வாயில் வைக்க முடியாத பதார்த்தத்துக்குத்தான் அந்தச் சொல்லை வைத்திருக்கிறோம்.

வீட்டு வாசலில் இறங்கி, கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். அடுத்த வருஷம் வரமாட்டாளோ? வேலியோரம் ஐனோ பனியை வாரிக்கொண்டிருந்தார். நேரே போய் அவர் மண்வாரியைப் பிடித்தேன்.

"ஐனோ, பூசி மெழுகாதீங்க. நான் என்ன தப்பு செஞ்சேன்? ஒருதரம், ஒரே ஒருதரம், நேராச் சொல்லுங்க."

அவர் எங்கள் வீட்டு ஜன்னலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"உன் ஹீட்டர் என்னிக்குமே நல்லாத்தான் இருந்துச்சு வெண்டல்; வருஷா வருஷம் நீ மான் வேட்டைக்குப் போனதும் லவோன் கேக்கோட வந்து அந்த வால்வ மூடச் சொல்லுவா, வண்டி சூடா இருந்தா உன்கிட்ட ஒட்டி உட்கார அவளுக்குச் சாக்கு இல்லையாம்."