முப்பத்தெட்டுப் பேரும் ஆஜர்

"பதினேழு!"

குளியலறைக் கண்ணாடி முன்னால், முகம் முழுக்கச் சோப்பு நுரையோடு கூப்பிட்டுவிட்டு வாத்தியார் காத்திருந்தார். பதில் இல்லை.

"பதினேழு! இன்னிக்கும் லேட்டா?" என்று அதட்டிவிட்டு, ரேசரை அடுத்த கன்னத்துக்குக் கொண்டுபோனார்.

கதவுக்கு வெளியே அவர் மனைவி கையில் ஒரு நோட்டீஸோடு நின்றிருந்தார். மருந்துக் கடையில் சும்மா கொடுத்தது. 'மனநோயின் பத்து அறிகுறிகள்.' அதில் முதலாவது, தனியாகப் பேசுதல்.

"ஏங்க, உள்ள யாருகிட்ட பேசறீங்க?"

"அட்டெண்டன்ஸ் எடுக்கறேன்."

"நீங்க ரிடையர் ஆகி நாலு மாசம் ஆச்சு!"

"முப்பத்தஞ்சு வருஷம் ஸ்கூல்ல எடுத்தேன், வேலைன்னு சொன்னாங்க. அதையே வீட்ல எடுத்தா வியாதியா?"

நியாயமான கேள்விதான். ஆனால் நோட்டீஸ் கையில் இருக்கும்போது நியாயம் எடுபடுமா?

அது அவர் கடைசியாக நடத்திய ஆறாம் வகுப்பு, பி பிரிவு. முப்பத்தெட்டுப் பேர். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மணி அடித்துவிடும் என்று எப்போதுமே நம்பர்தான். மூன்று தும்மிவிட்டுத்தான் 'உள்ளேன் ஐயா' சொல்லும். இருபத்திரண்டு அதையே ராகம் போட்டுப் பாடும். முப்பத்தொன்று பக்கத்தில் இருப்பவனுக்கும் சேர்த்துச் சொல்லிவிடும். பதினேழு ஒரு நாளும் நேரத்துக்கு வந்ததில்லை. மூச்சிரைக்க வாசலில் வந்து நிற்கும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, வகுப்பறைக் குரலில் அத்தனை பேரையும் கூப்பிட்டு முடித்தால்தான் அவருக்குப் பொழுது விடிந்த மாதிரி. எதிரே பின்வீட்டு ஜன்னல். எப்போதும் திரை போட்டிருக்கும். யார் இருக்கிறார்களோ, அவருக்குத் தெரியாது.

மனநல டாக்டர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. கண்ணுக்குக் கீழே கருவளையம், வாய் நிறையக் கொட்டாவி, மேஜைமேல் அறுபது கேள்விகள் கொண்ட படிவம்.

"ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணு சொன்னாப் போதும். தனியா பேசுவீங்களா?"

"ஆமா. ஆனா அது வந்து..."

"ஆமா. பதில் சொல்ற மாதிரி குரல் கேக்குமா?"

"கேக்கும் டாக்டர். சிலது பாடிக்கிட்டே..."

"ஆமா." இன்னொரு டிக். "ஒண்ணும் பயமில்ல. இதுக்குப் பேர் இருக்கு."

பேர் இருந்ததால் மாத்திரையும் இருந்தது. மாத்திரை போட்ட வாத்தியார் செய்தித்தாளை விரித்தபடியே குறட்டை விட்டார். மனைவி பதறிப்போய் மறுபடி கூட்டிப்போனார்.

"சோர்வு நோய்" என்றார் டாக்டர். இரண்டாவது மாத்திரை வந்தது. அதில் கை நடுங்கியது. நடுங்கிய கையால் சவரம் செய்ததில் தாடையில் வெட்டு.

"தன்னைத்தானே காயப்படுத்திக்கற போக்கு" என்று டாக்டர் எழுதிக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் மனைவி ரேசரை அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்தார். தாடி வளர்ந்தது.

"பாத்தீங்களா, தன்னைக் கவனிச்சுக்கறதே இல்ல. இது நாலாவது வியாதி" என்றார் டாக்டர்.

"டாக்டர், ரேசரை ஒளிச்சதே நான்தான்" என்றார் மனைவி.

டாக்டர் அவரைச் சற்று உற்றுப் பார்த்துவிட்டு, "உங்களுக்கும் ஒரு படிவம் தரட்டுமா?" என்று கேட்டார்.

ரேசர் இல்லாததால் கண்ணாடி இல்லை; கண்ணாடி இல்லாததால் அட்டெண்டன்ஸும் இல்லை. மூன்று வாரம் வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதி மனைவிக்கே பிடிக்கவில்லை. சாம்பார் கொதிக்கும் நேரம் எது, பால் பொங்கும் நேரம் எது என்று பத்து, இருபது, முப்பதை வைத்துத்தான் இத்தனை நாளும் அடுப்பை இறக்கியிருக்கிறார் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

ஒரு நாள் காலை, காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு, "ஏங்க, பதினேழு வந்தாச்சா?" என்று மெதுவாகக் கேட்டார்.

வாத்தியார் ரொம்ப நேரம் யோசித்தார்.

"பதினேழா? அது யாரு?"

மனைவிக்கு அழுகை வந்துவிட்டது. நோட்டீஸைச் சுக்குநூறாகக் கிழித்தார். அரிசி டின்னுக்குள் கைவிட்டு ரேசரை எடுத்தார். மாத்திரைகளை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு, கணவர் கையைப் பிடித்துக் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"டாக்டரைப் பாக்கணும். இந்த எழவு மாத்திரையெல்லாம் நிறுத்தச் சொல்லணும். இவர் பழையபடி கத்தட்டும்!"

"டாக்டர் இன்னும் வரலம்மா" என்றார் டோக்கன் கொடுக்கும் அம்மாள். "இப்பல்லாம் தினமும் லேட்டுதான். உக்காருங்க. ஃபைல்ல விலாசம் விட்டுப்போயிருக்கு, சொல்லுங்க."

மனைவி விலாசத்தைச் சொன்னார். எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

"அட! அப்ப டாக்டர் வீடு உங்களுக்கு நேர் பின்னாலதானே!"

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினார்.

"வெளில சொல்லிடாதீங்க. அவரும் உங்க மாத்திரையத்தான் போட்டுக்கறாரு. நாலு மாசமா காலைல யாரோ நம்பர் நம்பரா கூப்பிடற மாதிரி அவருக்குக் கேட்டுச்சாம். மாத்திரை போட்டதும் கப்புனு நின்னுபோச்சு. இப்ப என்னடான்னா, 'பதினேழு, லேட்டா?'ன்னு அந்தக் குரல் அதட்டாம படுக்கைய விட்டு எழுந்திருக்கவே மனசு வரலையாம். அதைத் திரும்ப வரவழைக்க என்ன மாத்திரைன்னு புஸ்தகம் புஸ்தகமா தேடிக்கிட்டிருக்காரு!"