மதில் காத்த புத்தர்

மத நல்லிணக்கத்துக்காக எத்தனையோ மகான்கள் பாடுபட்டிருக்கிறார்கள். ஆனால் எல்லா மதங்களையும் ஒரே மதிலில், ஒரே சிமெண்டில் சேர்த்து ஒட்டிய பெருமை கடலூர் முதுநகர் 'அன்புச்சோலை நகர் குடியிருப்போர் நலச் சங்க'த்தையே சேரும். அதன் செயலாளர் என்ற முறையில் இந்த வரலாற்றை அடக்கத்துடன் பதிவு செய்கிறேன்.

எங்கள் மதில் நூறடி நீளம். ரயிலுக்குப் போகிறவர்கள், ரயிலிலிருந்து வருகிறவர்கள், ரயிலுக்குச் சம்பந்தமே இல்லாதவர்கள் என்று சகல ஆண்களும் அதை நனைத்துவந்தார்கள். 'இங்கே சிறுநீர் கழிக்காதீர்' என்று எழுதினோம். எழுத்தின் மேலேயே நனைத்தார்கள். அவசரக் கூட்டம் கூட்டிப் பிள்ளையார் டைல்ஸ் ஒன்று பதித்தோம். மறுநாள் எல்லோரும் பிள்ளையாரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, நாலடி தள்ளிப் போய் நின்றார்கள். அங்கே முருகனை வைத்தோம். அதற்கப்பால் சிலுவை, அதற்கும் அப்பால் பிறை. எந்த மதத்தையும் நாங்கள் விட்டுவைக்கவில்லை.

அப்படியும் ஒருவர் கையும் களவுமாகப் பிடிபட்டார். விசாரித்தேன்.

"முருகனுக்கும் சிலுவைக்கும் நடுவுல இருக்கறது பொது எடம் சார். நான் யார் மனசையும் புண்படுத்தல" என்றார்.

மதச்சார்பின்மையை இவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் விளக்கியதில்லை. நடுவிலும் டைல்ஸ் ஒட்டினோம். கடைசியில் கேட்டுக்குப் பக்கத்தில் மூன்றடி மட்டும் மிஞ்சியது.

தலைவர் சபாநாயகம் சிதம்பரத்துக்காரர். ஊருக்குப் போயிருந்தபோது அங்கே ஒரு கடையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் புத்தரைப் பார்த்துவைத்திருந்தார். அவரை அந்த மூன்றடியில் உட்கார வைக்கலாம் என்று அடுத்த கூட்டத்தில் சொன்னார்.

"புத்தர் சரிப்பட மாட்டாரு சார். கண்ண மூடிக்கிட்டில்ல இருக்காரு" என்றேன்.

"அகக்கண் தெறந்திருக்கு" என்றார் துணைத்தலைவி கார்த்யாயினி. இவர் பத்து நாள் மௌனத் தியானப் பயிற்சிக்குப் போய்வந்தவர். அந்த மௌனத்தைப் பற்றிப் பதினோராம் நாள் பேசத் தொடங்கினார், இன்னும் முடிக்கவில்லை.

அதே கூட்டத்துக்கு எங்கள் கேட்டுக்கு எதிரே மீன் விற்கும் குப்பு அம்மாளும் ஒரு மனுவோடு வந்திருந்தார். கேமரா வந்து வாட்ச்மேன் போனதிலிருந்து, கேட்டருகே வாட்ச்மேனுக்காகக் கட்டிய கழிப்பறை பூட்டியே கிடந்தது.

"அந்தச் சாவிய எனக்குக் குடுங்க சார். ஆம்பளைங்களுக்குச் செவுரு இருக்குது, நான் எங்க போவேன்? வெடியகாலைல துறைமுகத்துல மீன் எடுத்தா, மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும் ஒரு வாய் தண்ணி குடிக்கறதில்ல. கிட்னில கல்லு இருக்குது, தண்ணி ஜாஸ்தியா குடின்னு டாக்டரம்மா திட்டுறாங்க. குடிச்சிட்டு எங்க போறது?"

கூட்டமே உருகிவிட்டது. கார்த்யாயினி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதத்தான் புத்தர் துக்கம்னு சொன்னாரு" என்றார். மனு 'கருணையுடன் பரிசீலிக்கப்படும்' என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டுவிட்டு, டீ குடித்துக் கலைந்தோம்.

புத்தர் வந்து மூன்றடியில் அமர்ந்தார். முதல் நாளே ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு, அவருக்கு ஒரு கும்பிடு போட்டு, பக்கத்திலேயே வேட்டியைத் தூக்கினார். ஓடிப்போய்த் தடுத்தேன்.

"இவரு கோச்சிக்க மாட்டாரு சார். தங்கமான மனுசன்."

செய்தி பரவியது. நூறடியில் பரவலாக நடந்துவந்தது, மூன்றடியில் குவிந்துவிட்டது. மதிலுக்கு வேண்டியது கோபிக்கிற சாமி, மன்னிக்கிற சாமி அல்ல என்ற மாபெரும் ஞானம் எங்களுக்குப் பிறந்தது. புத்தருக்கே ஆறு வருடம் பிடித்தது. எங்களுக்கு மூன்றே நாள்.

இப்படிப்பட்ட ஒருவரை எங்கே வைப்பது? தலைவர் கேட்டருகே பூட்டிக் கிடந்த அறையைக் காட்டினார். அது 'கருணை தியான மையம்' ஆனது. கழிப்பறைப் பீங்கானைச் சிமெண்டு போட்டு மூடி, அதன்மேல் புத்தரை உட்கார வைத்தோம். சுவரில் ஓம், சிலுவை, பிறை மூன்றையும் ஒரே அளவில் வரைந்தோம்.

குப்பு அம்மாள் பதறிக்கொண்டு ஓடிவந்தார். கார்த்யாயினி அவர் கையைப் பிடித்துக்கொண்டு கனிவோடு சொன்னார்:

"ஒடம்பு உபாதைய எதிர்க்கக் கூடாதும்மா. சும்மா கவனிங்க. வரும், போகும்."

"வருது மேடம். போவத்தான் எடமில்ல."

திறப்பு விழாவில் கருணையைப் பற்றி நான்கு பேர் பேசினார்கள். 'பயனாளி' என்ற முறையில் குப்பு அம்மாளையே விளக்கேற்றச் சொன்னோம். நிற்க முடியாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஏற்றினார். இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கைக் கொடுத்தோம். அவர் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. புத்தரைப் பார்த்துத்தான் பேசினார்.

"ராஜா வூட்டுப் புள்ளையாமே நீ. அரமனையே வேணாம்னு எழுந்து வந்தவனாமே. இந்தக் கக்கூச உட்டு எழுந்துக்க மாட்டியா சாமி?"

கார்த்யாயினி அன்றைக்குத்தான் உண்மையிலேயே மௌனமானார். எனக்குத் தலை நிமிரவில்லை. இருந்தாலும் கடமை தவறாமல், 'பயனாளி மனமுருகி நன்றி தெரிவித்தார்' என்று குறிப்பேட்டில் எழுதினேன்.

விழா முடிந்ததும் மையத்துக்குப் பெரிய பூட்டாகப் போட்டோம். சிலைத் திருட்டு பயம் என்று உறுப்பினர்களுக்குச் சொல்லியிருக்கிறோம். உண்மையில் எங்கள் பயம் வேறு. அந்த அம்மாள் இன்னொரு தரம் கேட்டால், புத்தர் எழுந்து இடம் கொடுத்துவிடுவார்.