கார் சாவியைப் பெற்றுக்கொள்ள வேண்டி

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் இல்லத்தாரும் நலமாயிருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு தொடங்குகிறேன். இங்கே நானும், தங்கள் தங்கையும், எங்கள் மகளும், கோடைக்கு எங்களோடு வந்து தங்கியிருக்கும் தங்கள் தந்தையாரும் உடலளவில் நலம். சுற்றுலாவுக்காகத் தாங்கள் அன்புடன் இரவல் தந்த காரும், பக்கவாட்டுக் கண்ணாடி ஒன்றைத் தவிர, நலம். அந்தக் கண்ணாடியைப் பற்றியும், அதைவிட முக்கியமான வேறொன்றைப் பற்றியும் முறைப்படி தெரிவிக்கவே இக்கடிதம். தொலைபேசியில் சொன்னால் தாங்கள் நடுவில் சிரிப்பீர்கள். கடிதத்தில் அந்த வசதி இல்லை.

புறப்பட்ட அன்று தெருமுனையைத் தாண்டுவதற்குள் மூவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினர். தங்கள் தந்தையார், "மாப்பிள்ளை, கியரை மாத்துங்க, வண்டி இருமுது பாருங்க" என்றார். தங்கள் தங்கை, "கேஸை மூடுனீங்களா, இல்ல மூடுன மாதிரி நினைச்சுக்கிட்டீங்களா?" என்றாள். மகள், "அப்பா, ஏசி பின்னாடி வரவே இல்ல" என்றாள். நான் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை வைப்பது என் தொழில் என்பது தாங்கள் அறிந்ததே. முள் அசையும்போது பக்கத்தில் யாராவது தும்மினால்கூட நான் மறுபடி முதலிலிருந்து தொடங்குவேன். ஆகவே அங்கேயே ஒரு விதி செய்தேன்: நான் ஒரு வேலையில் கை வைத்திருக்கும்வரை யாரும் என்னிடம் பேசக்கூடாது, கையை எடுத்த பிறகே பேசலாம். நடுவழியில் யாராவது சலுகை கேட்பார்கள் என்று எண்ணி, பயணம் முடியும்வரை அந்த விதியை மாற்ற எனக்கே உரிமை கிடையாது என்பதையும் சேர்த்துக்கொண்டேன். பாதி எடை போட்ட பிறகு படிக்கல்லை மாற்றுவது எங்கள் துறையில் குற்றம்.

"வாயை மூடிக்கிட்டு வர்றதுக்கு நான் என்ன பார்சலா?" என்றார் தங்கள் தந்தையார்.

தங்கள் தங்கை மட்டும் "சரிங்க, அப்படியே செய்யுறோம்" என்றாள். இத்தனை ஆண்டு இல்லறத்தில் அவள் முதல் தடவையிலேயே "சரிங்க" என்றது அன்றுதான். எனக்கு அப்போதே ஐயம் வந்திருக்க வேண்டும். மாறாக, பெருமிதம் வந்தது.

அதன் பிறகு வண்டிக்குள் நிலவிய அமைதியைத் தாங்கள் கேட்டிருக்க வேண்டும். ஏரிக்கரை விடுதிக்குப் பிரியும் சாலையில் பெரிய பெயர்ப்பலகை இருந்ததாம். அதைத் தங்கள் தங்கை பார்த்தாளாம், பிறகு என்னைப் பார்த்தாளாம், பிறகு மறுபடியும் பலகையைப் பார்த்தாளாம். நானோ அவள் இயற்கையை ரசிக்கிறாள் என்று எண்ணி வேகத்தைச் சற்றுக் கூட்டினேன். சாலை குறுகிற்று, தார் மறைந்தது, புழுதி எழுந்தது, ஆயினும் யாரும் வாய் திறக்காததால் சரியான வழியில்தான் போகிறோம் என்ற உறுதி எனக்குப் போகப் போக வளர்ந்தது. கடைசியில் ஒரு கல்குவாரியின் வாசல் குறுக்கே வந்து நிற்க, அதன் தூணைத் தங்கள் தந்தையார் தம் பக்கத்து ஜன்னல் வழியே நெருக்கத்தில் கண்டு, பேச அனுமதியில்லாத காரணத்தால் கண்களை மட்டும் இறுக மூடிக்கொண்டார். தங்கள் காரின் கண்ணாடி அந்த நேரத்தில்தான் எங்களைவிட்டுப் பிரிந்தது. நான் பிரேக்கை மிதித்து, ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தேன். கையை எடுத்ததுதான் தாமதம், அடைத்து வைத்திருந்த அத்தனை பேச்சும் மடை திறந்தாற்போல் வந்தது.

"அங்கேயே திரும்பியிருக்கணும்" என்றாள் தங்கள் தங்கை.

"ஏன் சொல்லவில்லை?"

"கை ஸ்டியரிங்கில இருந்துச்சு."

குவாரிக் காவலாளி நிதானமாக வந்து, விழுந்த கண்ணாடியை எடுத்துத் துடைத்து என்னிடம் கொடுத்தார். "ஏரிக்கு வந்தீங்களா? இங்க கல்லுதான் சார் இருக்கு. வழி தப்பி அடிக்கடி வருவாங்க. எல்லாரும் சண்டை போட்டுக்கிட்டே வருவாங்க. இவ்வளவு ஒத்துமையா வந்த குடும்பத்த இப்பதான் பாக்குறேன்" என்றார்.

இதற்குள் மகள் மிகவும் தயங்கி, "அப்பா, உங்க பெட்டி மேல இல்ல" என்றாள். கடினமான பெட்டிகள் கூரை மேல், மென்மையான பைகள் உள்ளே என்பது என் முந்தைய விதி. கடினமான பெட்டி என்னுடையது ஒன்றுதான். கயிறு தளர்ந்து, பெட்டி வாய் பிளந்து, சட்டைகள் ஒவ்வொன்றாக விடைபெற்றுப் போனதைப் பின்கண்ணாடி வழியே அவள் முழுவதுமாகப் பார்த்திருக்கிறாள். "முதல்ல கோடு போட்டது போச்சு. அப்புறம் வெள்ளை. வெள்ளை ரொம்ப அழகா பறந்துச்சுப்பா" என்றாள். தாங்கள் பார்த்த ஏரிக்கரைப் படங்களில் நான் அணிந்திருக்கும் கூடாரம் போன்ற நீலச் சட்டை தங்கள் தந்தையாருடையது. "மாப்பிள்ளைக்கு என் சட்டை பத்தும். சட்டைக்குத்தான் மாப்பிள்ளை பத்தாது" என்று அவர் விடுதியில் இருந்த எல்லாரிடமும் சொன்னார்.

இதுவரை கண்ணாடி விவகாரம். இனி முக்கியமானது.

வீடு வந்து சேர்ந்ததும், பயணம் முடிந்தது, விதியும் முடிந்தது என்று நான் அறிவித்தேன். தங்கள் தங்கை காய்கறிக் கூடையைக் கீழே வைத்தாள். "அதெப்படிங்க? இரவல் வண்டி உடையவங்க கைக்குப் போய்ச் சேர்ந்தாத்தானே பயணம் முடிஞ்ச கணக்கு? நடுவுல படிக்கல்லை மாத்தலாமா?" என்றாள். உடனே காரைத் தங்களிடம் சேர்த்துவிடலாம் என்று எண்ணினேன். ஆனால் கண்ணாடியில்லாத வாகனத்தைச் சாலையில் ஓட்டுவது சட்டப்படி தவறு; வேறு வழியின்றி வீடுவரை ஓட்டிவந்ததே போதும். மெக்கானிக்கோ தினமும் "நாளைக்கு வந்துரும் சார்" என்கிறார். ஆகவே கார் வாசலில் நிற்கிறது. விதி வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

நான் செடிக்குத் தண்ணீர் ஊற்றினால் வீடு அமைதியாகிறது. செய்தித்தாளை எடுத்தால் அமைதியாகிறது. சட்டையை உட்புறம் வெளியாகப் போட்டுப் பொத்தான் மாட்டிக்கொண்டிருந்தபோது மூவரும் எதிரிலேயே இருந்தனர். என் கையில் பொத்தான் இருந்தபடியால் யாரும் சொல்லவில்லை. பொத்தானை விட்டதும் பையைப் பிடித்தேன், பையை விடுவதற்குள் அலுவலகம் வந்துவிட்டது. அன்று ஒரு மளிகைக் கடையில் தராசின் முத்திரை தலைகீழாக இருப்பதாக நான் கண்டித்தபோது, கடைக்காரர் என் தோளில் வெளியே தெரிந்த தையலைப் பார்த்துவிட்டு, "சரிங்க சார், நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

பேச்சுக்கு இடம் கொடுப்போம் என்று கைகளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தும் பார்த்தேன். தங்கள் தங்கை வந்து, "இதைக் கொஞ்சம் பிடிங்க" என்று போர்வையின் ஒரு முனையைக் கையில் கொடுத்துவிடுகிறாள். பிடித்துவிட்டால் தீர்ந்தது.

மைத்துனரே, ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். மாலையில் அவள் பாத்திரம் கழுவுவாள், நான் துடைத்து அடுக்குவேன். அப்போதுதான் அன்றைய தெருச் செய்தி முழுவதும் வரும். நான் "சுருக்கமாகச் சொல்" என்பேன். அவள் சுருக்கமாட்டாள். இப்போது நான் துடைக்கிறேன், தட்டுகளின் சத்தம் மட்டும் கேட்கிறது. மாடி வீட்டுக்காரர் தம் நாயை விற்கப்போவதாக ஒரு பேச்சு இருந்தது. பயணத்துக்கு முந்திய நாள் பாதிக் கதையில் நான்தான் சுருக்கச் சொன்னேன். விற்றாரா இல்லையா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. நானாகக் கேட்கலாம். ஆனால் விதி செய்தவனே போய் எப்படிங்க கேட்பது?

ஆகவே தாங்கள் கூடிய விரைவில் நேரில் வந்து, சாவியைத் தங்கள் கையில் பெற்றுக்கொண்டு, இந்தப் பயணம் முடிந்தது என்று நால்வர் முன்னிலையில் சொல்லிவிடும்படி பணிவுடன் வேண்டுகிறேன். புதுக் கண்ணாடி வந்ததும் நானே மாட்டித் தருவேன். தங்கள் துணைவியாருக்கு என் வணக்கம். பிள்ளைகள் எல்லா நலமும் பெற்று, எங்கு போனாலும் பேசிக்கொண்டே போகட்டும் என்று வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: கையெழுத்திட்டுப் பேனாவைக் கீழே வைத்ததும் முதுகுக்குப் பின்னாலிருந்து தங்கள் தங்கையின் குரல் வந்தது. "அண்ணன் வந்து ரொம்ப நேரமாச்சு. கூடத்துல உக்காந்திருக்காரு. பேனா நிக்கட்டும்னு பார்த்தேன்." சாவியையும் அவளே தங்களிடம் கொடுத்துவிட்டாளாம். அப்படியானால் நான் "மதிப்பிற்குரிய" என்று எழுதும்போதே பயணம் முடிந்திருக்கிறது. பிறகு ஏன் பேசவில்லை என்று கேட்டேன். "என்னைப் பத்தி எழுதுறப்ப நடுவுல பேசுவாங்களா?" என்றாள். மேலே கண்ட வேண்டுகோள்கள் யாவும் ரத்து. இக்கடிதத்தைத் தபாலில் சேர்க்காமல் நானே கூடத்துக்குக் கொண்டுவருகிறேன். ஆனால் தாங்கள் இன்னும் சற்றுப் பொறுத்திருக்க வேண்டும். எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். மாடி வீட்டுக்காரர் நாயை விற்கவில்லை. ஆனால் விஷயம் அதோடு முடியவில்லையாம்.