நெட்டைக் கம்பம்

ஊருக்கெல்லாம் போர்வெல் மோட்டார் இறக்கி ஏற்றுகிறவர் என்பதால் அவருக்குப் பம்ப்செட்டார் என்று பெயர். அவர் மனைவி வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் வழியாக வெளியூர்ப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். தெருவுக்கு அவள் டீச்சரம்மா. இவர்கள் வீடு தெருவின் கடைசி வீடு. அதற்கப்பால் வாய்க்கால், வயல், தூரத்தில் ஒரு குன்று. குன்றின் மேல் செல்போன் டவர். அந்த டவர் இந்த வீட்டை ஒரு பொருட்டாக மதித்ததே இல்லை.

டீச்சரம்மா பின்னத்தைப் பாதி சொல்லும்போது திரை உறைந்துவிடும். வாயைத் திறந்தபடி அவள் முகம் அப்படியே நிற்கும். மீதிப் பின்னம் வாய்க்கால் பக்கம் எங்கேயோ போய்விடும். பிள்ளைகள் சிரித்தார்கள், பெற்றோர்கள் சிரிக்கவில்லை. கடைசியில் பாடம் நடத்தும் கம்பெனி, நெட்டைச் சரிசெய்யுங்கள், இல்லாவிட்டால் நகரத்துக்கு வந்து ஆபீசில் உட்கார்ந்து நடத்துங்கள் என்று சொல்லிவிட்டது.

நகரத்துக்குப் போவதென்றால் பம்ப்செட்டாரும் போக வேண்டும். அங்கே அவரை யார் பம்ப்செட்டார் என்று கூப்பிடப் போகிறார்கள்? மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிற இன்னொரு ஆள், அவ்வளவுதான். அன்று சாப்பிட்டுக் கை கழுவிய ஈரத்தோடு அவர் சபதம் செய்தார்.

"பாதாளத்துல கிடக்கிற தண்ணிய மேலே ஏத்தறவன் நான். ஆகாசத்துல இருக்கிற நெட்டைக் கீழே இறக்க மாட்டேனா?"

டீச்சரம்மா தலையை ஆட்டிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அதை அவர் மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

முதலில் ஜன்னலில் வைக்கும் நெட் பெட்டி ஒன்று வாங்கிவந்தார். அது ஜன்னலில் வேலை செய்யவில்லை, மொட்டைமாடியில் வேலை செய்தது. மொட்டைமாடியில் வெயில் ஏறினதும் நின்றுபோனது. அப்புறம் பெரிய ஆன்டெனா ஒன்று வாங்கினார். அதைத் தண்ணீர்த் தொட்டி மேல் நிறுத்திப் பார்த்தார். அவர் கையில் பிடித்திருந்தால் நெட் வந்தது, கையை எடுத்தால் போய்விட்டது. ஒரு பாடம் முழுக்கப் பிடித்துக்கொண்டே நின்றார். எதிர்வீட்டு டிரைவரண்ணன், பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர், கீழேயிருந்து பார்த்துவிட்டு, வண்டி கிளம்ப எவ்வளவு நேரம் ஆகும் என்று விசாரித்தார்.

இறங்கியதும் பம்ப்செட்டார் அறிவித்தார். "நெட்டை வரவழைக்கணும்னா நெட்டையான கம்பம்தான் வேணும்."

பழைய போர்வெல் குழாய்களை ஒன்றோடொன்று வெல்டிங் வைத்து, பின்பக்கம் மோட்டார் ரூம் ஓரமாக நடுவதாக இருந்தார். டீச்சரம்மாதான் வந்து நின்றாள்.

"பின்னாடி நட்டா யாருங்க பார்ப்பாங்க? வாசல் மூலையில, ரோட்டைப் பார்த்த மாதிரி நடுங்க. நாலு பேர் கண்ணுல படட்டும்."

இத்தனை வருஷத்தில் அவர் வேலையை நாலு பேர் பார்க்க வேண்டும் என்று அவள் சொன்னது இதுதான் முதல் தடவை. மனிதர் உருகிப்போனார். வாசலில் ஆழமாகக் குழி வெட்டினார், ஜல்லி கொட்டினார், சிமெண்ட் போட்டார். உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு கொக்கி வைக்கச் சொன்னாள். எதற்கு என்று கேட்டார். கொக்கி இல்லாத கம்பம் மொட்டையாக இருக்காதா என்றாள். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. வைத்தார்.

கம்பம் நிமிர்ந்தபோது தெருவே கூடி நின்றது. உச்சியில் ஆன்டெனா குன்றைப் பார்த்து முறைத்தது. நெட் வந்தது, எறும்பு மூட்டை தூக்குகிற வேகத்தில் வந்தது. போகப் போகப் பழகிக்கொள்ளும் என்றார் பம்ப்செட்டார்.

மறுநாள் பக்கத்து ஊரில் ஒரு மோட்டார் சிக்கிக்கொண்டதாக அழைப்பு வந்து போய்விட்டார். அந்தி சாயத் திரும்பி வந்தால், வாசலிலேயே மனைவியின் குரல் கேட்டது. நடுவில் ஒரு இடத்திலும் அறுபடாமல் பின்னம் முழுசாகப் போய்க்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தார். திரையில் ஒரு பிள்ளை மூக்கு நோண்டுவது கூடத் துல்லியமாகத் தெரிந்தது. பாடம் நடக்கும்போது அந்த அறைக்குள் அவருக்கு அனுமதி இல்லை. கதவோடு நின்று மீசையைத் தடவிக்கொண்டார்.

அதற்கப்புறம் அவர் நடையே மாறிவிட்டது. டீக்கடையில் தானாகவே பேச்செடுத்தார். எல்லாம் கோணத்தில்தான் இருக்கிறது என்றார். ஆன்டெனாவை அரை விரல் திருப்பினால் டவர் மயங்கிவிடும் என்றார். கேட்கிறவர்கள் போன பிறகும் கொஞ்ச நேரம் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வரும்போதெல்லாம் நின்று கம்பத்தை அண்ணாந்து பார்த்தார். உச்சியைத்தான் பார்த்தார், ஒயர்களை எண்ணவில்லை.

டிரைவரண்ணனுக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. அவருக்குக் கோணத்தை நேரிலேயே காட்டிவிடுவதென்று ஒரு நாள் ஏணி வைத்து ஏறினார் பம்ப்செட்டார். உள்ளே பாடம் நடந்துகொண்டிருந்தது.

"பாருங்கண்ணே, இதைக் கழட்டினதும் பாடம் நின்னுடும்," என்று சொல்லி ஆன்டெனாவைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

பாடம் நிற்கவில்லை. டீச்சரம்மா பெருக்கலை முடித்து வகுத்தலுக்குப் போனாள்.

கம்பத்தைக் கட்டிக்கொண்டு பம்ப்செட்டார் சுற்றும் முற்றும் பார்த்தார். அப்போதுதான் மெல்லிய கறுப்பு ஒயர் ஒன்று கண்ணில் பட்டது. ரோட்டிலிருந்து வந்தது, கொக்கியில் தொங்கியது, அங்கிருந்து நேரே மனைவியின் அறை ஜன்னலுக்குள் போனது.

பாடம் முடிந்து அவள் வெளியே வரும்வரை ஏணியிலேயே நின்றார்.

"இது என்ன ஒயர்?"

"கேபிள் நெட்டுங்க. நீங்க மோட்டார் பார்க்கப் போன அன்னிக்கு வந்து இழுத்துக் குடுத்தாங்க. ரோட்டுக் கம்பத்துலேர்ந்து நம்ம வீடு தள்ளியிருக்கு, வாசல்ல உசரமா ஒரு கம்பம் இருந்தாத்தான் தர முடியும்னு ஆரம்பத்துலேயே சொல்லியிருந்தாங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேனே. கேபிள்காரனுக்கு நான் எதுக்குக் கம்பம் நடணும்னு கேட்டீங்க. ஆன்டெனாவுக்குன்னா நடுவீங்கன்னு விட்டுட்டேன்."

பம்ப்செட்டார் ஆன்டெனாவை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டார். கீழே டிரைவரண்ணன் வாயைத் திறக்கப் போனார். அதற்குள் டீச்சரம்மா அவர் பக்கம் திரும்பி, இந்தக் கம்பம் இல்லையென்றால் தனக்கு வேலையே இல்லை, நகரத்துக்கு மூட்டை கட்டியிருக்க வேண்டும், கேபிள் ஆட்களே இப்படி ஒரு கம்பத்தைப் பார்த்ததில்லை என்றார்கள் என்று நிதானமாகச் சொன்னாள். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. பம்ப்செட்டாரின் நெஞ்சு மெல்ல மெல்லப் பழைய அளவுக்கு வந்தது.

"வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து வீடுகளும் லைன் கேக்குறாங்களாம்," என்றாள். "கம்பம்னா அது நீங்க நட்டாத்தான்னு சொல்றாங்க."

நாலு இடத்தில் வேலை இருக்கிறது, யோசித்துத்தான் சொல்ல முடியும் என்று ஏணி மேலிருந்தே கம்பீரமாகச் சொன்னார் பம்ப்செட்டார்.

அதற்கான குழாய்கள் டீச்சரம்மா சொல்லிக் காலையிலேயே மோட்டார் ரூமுக்குப் பின்னால் வந்து இறங்கியிருந்தன.